தட்டையான சிறகெலும்பு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் அருங்காட்சியகத்தின் பின்னறையில் ஒரு பெண், கல்லாகிப்போன பறவை எலும்பு ஒன்றை இன்றைய கடற்பறவைகளின் எலும்புகளோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது என்னவென்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது, வாய்விட்டுச் சொல்லத்தான் பயப்படுகிறார் என்று எனக்குப் பட்டது. ஏன் என்று கேட்காமல் வந்துவிட்டேன். கேட்டிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

2

அவள் எலும்பை எடுத்து வெளிச்சத்தில்

வேண்டாம். பயந்தவள் முதலில் எலும்பையா எடுப்பாள்? கதவைச் சாத்துவாள்.

சாத்தினாள். மேசையில் அண்ணன் அனுப்பிய எலும்பு. கடலோரச் செங்குத்துப் பாறை மழையில் சரிந்த இடத்தில், கயிறு கட்டி இறங்கி எடுத்தது. அவன் மேலே ஏறி வந்த கையோடு, அவன் நின்றிருந்த விளிம்பு கடலுக்குள் போயிற்று. இது சாதாரணப் பறவை என்று அவள் சொன்னால் விட்டுவிடுவான். புதிது என்றால் மிச்ச எலும்புகளுக்காக மறுபடி இறங்குவான்.

ஆலா என்ற கடற்பறவையின் சிறகெலும்பைப் பக்கத்தில் வைத்தாள். ஒத்துவரவில்லை. நீர்க்காகத்தினுடையதை வைத்தாள். மூட்டு முனை அச்சு அசலாக அதேதான். அப்பாடா என்றிருந்தது. தண்டுப் பகுதியைப் பார்த்ததும் அந்த அப்பாடா போயே போயிற்று. துடுப்புப்போலத் தட்டை, எலும்பின் சுவரோ தடிமன்.* நீர்க்காகத்துக்கு உறவுதான், ஆனால் பறந்ததில்லை. சிறகை வீசி நீருக்கடியில் நீந்தியது. அருங்காட்சியகத்தின் இழுப்பறைகள் எதிலும் இப்படி ஒன்று இல்லை.

* பறக்கிற பறவையின் எலும்புக்கு மெல்லிய சுவர் போதும். மூழ்குவதற்குக் கனம் வேண்டும். இதை அவளையே சொல்ல வைத்துப் பார்த்தேன். உயிர் பதறும்போது யார் பாடம் நடத்துவார்கள்? அடிக்குறிப்பாகக் கீழே தள்ளிவிட்டேன்.

3

போன் அடித்தது.

"என்னடி எலும்புக்காரி, உன் செத்த பறவை வாயத் திறந்துச்சா?"

"சாதாரண நீர்க்காகம்தாண்ணா."

அண்ணன் சிரித்தான். "சாதாரணம்னா இந்நேரம் என்னத் திட்டியிருப்பியே. 'குப்பைய அள்ளி அனுப்பாத'ன்னு கத்துவ. இன்னிக்கு என்ன இவ்ளோ நல்லவளா பேசுற?"

"இல்லண்ணா..."

"புதுசுதானே?"

4

[நீக்கியது: "ஆமா" என்கிறாள். அவன் சந்தோஷத்தில் கத்துகிறான். இறங்குகிறான்.]

[நீக்கியது: பொய்யிலேயே நிற்கிறாள். "சரி, நானே பாத்துக்கறேன்" என்று போனை வைக்கிறான். இறங்குகிறான்.]

[பாறையைக் கொஞ்சம் உறுதியாக்கிப் பார்த்தேன். பாறை சரிந்து விழாவிட்டால் எலும்பு வெளியே வராது. கதையே இல்லை.]

எப்படி எழுதினாலும் இறங்குகிறான். அவனை அப்படி எழுதியது நான்தான்.

5

மறுமுனையில் காற்று இரைகிறது. அவன் வீட்டில் இல்லை.

"அண்ணா, நீ எங்க இருக்க?"

"முதல்ல நீ சொல்லு."

இதற்கு மேல் நான் எழுதுவதாயில்லை. எழுதாத வரைக்கும் அவன் மேலேதான் நிற்கிறான். அவன் நம்பக்கூடிய, நம்பி ஓரடி பின்வாங்கக்கூடிய வாக்கியம் ஒன்று உங்களிடம் இருந்தால் அவளிடம் கொடுங்கள். யோசித்துச் சொல்ல நேரமில்லை. அவள் பேச வாயெடுத்துவிட்டாள்.