கெடுக்க வேண்டிய கறி

பக்கிரிசாமி மாட்டுக்கறி சமைப்பதில் கெட்டிக்காரர். ஆனால் ஒரு துண்டைக்கூட வாயில் வைத்ததில்லை. மலாயாவில் யான் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையின் குசினிக்காரராக இருந்தபோது, விரலால் அழுத்திப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார். வேலை முடிந்ததும் கிணற்றடியில் தலை முழுகிவிட்டுத்தான் லயத்து வீட்டுக்குள் கால் வைப்பார். சாமிக்கும் துரைக்கும் நடுவில் அவராகச் செய்துகொண்ட ஏற்பாடு அது.

ஜப்பான்காரன் வந்தான், துரை ஓடினார். பங்களாவும் அதிலிருந்த இரும்பு ஓவனும் பக்கிரிசாமியும் ஒரு ஜப்பான் அதிகாரியின் கைக்குப் போனார்கள்.

அந்த மனிதனுக்கு ஒருநாள் மாட்டுக்கறி ஆசை வந்தது. சிப்பாய்கள் பெண்டாங் நெல்வயலில் உழுது கிழடுதட்டிய எருமை ஒன்றின் தொடையைக் கொண்டுவந்து போட்டார்கள். சேதி தெரிந்ததும் செல்லாயி குசினியின் பின்வாசலுக்கு ஓடிவந்தாள். அவள் புருஷனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று அவளுக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. கைக்குழந்தை பிழைத்துக் கிடப்பது அவளுடைய செவலைப் பசுவின் பாலில்தான். தோட்டத்தில் மிஞ்சியிருந்த மாடும் அது ஒன்றுதான்.

"அண்ணே, இது ருசியா இருந்துச்சுன்னா அடுத்து எம் மாட்டத்தான் கேப்பான். செருப்புத் தோலாட்டம் ஆக்கி வச்சிருங்கண்ணே. வெறுத்துப் போவட்டும்."

"கெழட்டு எருமை தங்கச்சி, சும்மா போட்டாலே பல்லு ஒடையும் லா. நான் பாத்துக்கறேன், நீ போ."

அவர் ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும். அது முடிந்ததா இந்த மனிதரால்?

அதிகாரி குசினிக்குள் எட்டிப் பார்த்தான். பக்கிரிசாமிக்கும் புரியட்டும் என்று அரைகுறை மலாயில், "மாட்டைக் கும்பிடுகிறவனுக்கு மாட்டைச் சமைக்கத் தெரியுமா?" என்று சிப்பாயிடம் கேட்டுச் சிரித்தான். சிப்பாயும் சிரித்தான்.

பக்கிரிசாமிக்குச் சுருக்கென்றது. துரையும் துரைசானியும் விருந்தாளிகளுக்கு முன்னால் புகழ்ந்த கை அல்லவா! கொல்லைக்குப் போய்ப் பப்பாளி இலைகளைப் பறித்தார். கசக்கிச் சாறு இறங்கக் கறியைச் சுற்றி வைத்தார். எவ்வளவு முற்றல் கறியும் அதற்கு இளகிவிடும். பிறகு உப்பும் மிளகும் தடவி, காய்ந்த இரும்புச் சட்டியில் தேங்காய் எண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்க வாட்டி ஓவனுக்குள் தள்ளினார். இன்னும் கொஞ்சம் விட்டால் காய்ந்து கட்டையாகிவிடும் என்று தெரிந்த நேரத்தில் செல்லாயியின் நினைவு வந்தது. விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தார். விரல் அழுத்திப் பார்த்தது, கை வெளியே எடுத்துவிட்டது. உடனே வெட்டினால் சாறு ஓடிவிடும் என்று தட்டைப் போட்டு மூடிக்கூட வைத்தார்.

அதிகாரியின் கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. "பாகுஸ்! பாகுஸ்!" என்று மெச்சிப் பக்கிரிசாமியின் தோளில் தட்டினான். அவர் குனிந்து வணங்கினார். சிரித்தார். மனம் குளிர்ந்து போயிருந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது?

"கிழட்டு மாடே இப்படி என்றால் இளம் மாடு எப்படி இருக்கும்!" என்றான் அதிகாரி.

மறுநாள் காலை சிப்பாய்கள் செவலைப் பசுவை இழுத்து வந்தார்கள். பின்னாலேயே செல்லாயி, தோளில் குழந்தையோடு. பக்கிரிசாமிக்குத் தலை நிமிரவில்லை. ஓங்கி ஓர் அறை விட்டாலும் வாங்கிக்கொள்ளலாம், காறித் துப்பினாலும் சரி என்று நின்றார். வெட்கத்தில் கண்ணீர் தானாக வந்தது.

அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அழுவாதீங்கண்ணே. நீங்க கெடுத்துத்தான் குடுத்திருப்பீங்க, எனக்குத் தெரியாதா? இவனுங்க எதக் குடுத்தாலும் திங்கிற ஜென்மம். ஒங்க மேல என்னா தப்பு இருக்கு?"

குழந்தை பசியில் அவள் சேலையைச் சப்பிக்கொண்டிருந்தது.

"ஆமா தங்கச்சி," என்றார் பக்கிரிசாமி. "நல்லாக் கெடுத்துத்தான் வச்சேன்."