அலுமாரியில் பூட்டிய அமானிதம்

…ஒரு டிஸ்க் போடுகிற பெட்டியா, இரண்டு போடுகிற பெட்டியா, இதைத் தீர்மானிக்கவா இவ்வளவு பாடு, எதையாவது எடுத்துக் கட்டித் தா தம்பி என்று சொல்லிவிடலாம் போலிருந்தது ஸுஹைறாவுக்கு. ஆனால் மிஹ்லார் விடமாட்டான், கல்முனையில் கொம்பியூட்டர் கடை வைத்திருப்பவர்களில் வாய் வலிக்காதவன் இவன் ஒருவன்தான், "இத ரவுட்டர்ல கொழுவி வச்சாச் சரி ராத்தா, வீட்டுல எந்தக் கொம்பியூட்டர்ல இரிந்தும் படத்தப் போடலாம், உள்ளுக்கு ரெண்டு டிஸ்க், ஒண்டுல எழுதுறது மற்றதுலயும் விழும், ஒண்டு மவுத்தானாலும் மற்றது இரிக்கும்" என்கிறான். மவுத்தானாலும்… சாவை விட்டால் வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா இவனுக்கு? துவாயில் சுற்றிய பழைய டிஸ்க் கைப்பைக்குள் கிடந்தது. அதையும் காட்டத்தான் வந்தாள், பழசு ஒன்று கடக் கடக் என்று சத்தம் போடுகிறது, பார்க்க வேண்டும் என்று வந்தவுடன் சொல்லியும் விட்டாள், எடுத்து வைக்கத்தான் கை வரவில்லை.

கலியாண வீடுகளில் பெண்கள் பக்கம் படமெடுக்க மருதமுனையில் அவளை விட்டால் யார்? சம்மாந்துறையிலிருந்தும் தேடி வருகிறார்களே, எதற்கு, படத்துக்காகவா? இல்லை, அவள் சொல்லும் அந்த ஒரு பேச்சுக்காக. "இன்டர்நெட்டுல ஏத்த மாட்டன், உங்கட படம் ஒரே ஒரு இடத்துலதான் இரிக்கும், என்ட அலுமாரிக்குள்ள, அல்பம் தந்ததும் அழிச்சிருவன், இது அமானிதம், என்ன நம்பித் தந்தது." எந்த உம்மாவும் அதற்கு மேல் கேட்பதில்லை. ஒரே ஒரு இடம்! பெருமை பேசினாயே, இப்போது அந்த ஒரே இடம் துவாய்க்குள் கிடக்கிறது, கெமராவின் கார்ட்டையும் அழித்து அடுத்த கலியாணத்தை எடுத்தாயிற்று. உள்ளே இருப்பது சம்மாந்துறை ஸப்னாவின் கலியாணம். ஸப்னாவின் உம்மா ஸுலைஹா, அடையாள அட்டைக்குத் தவிர படமே எடுக்காத மனுசி, அன்றைக்கு மட்டும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தானாக வந்தாள். "என்னையும் வடிவா எடுகா, புள்ளைக்கிப் பக்கத்துல வச்சி எடு, மறுகா பாக்கிறதுக்கு வேணும்." மூன்றாம் நாள் கலியாணப் பந்தல் பிரித்த கையோடு நெஞ்சடைத்துப் போய்விட்டாள். அந்த மனுசிக்கு மவுத்தாக வேறு நேரம் கிடைக்கவில்லையா, அல்பத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கக் கூடாதா… அஸ்தஃபிருல்லாஹ், என்ன நினைப்பு இது என்று நாக்கைக் கடித்தாள், கடித்துவிட்டு மறுபடியும் அதையேதான் நினைத்தாள்.

கைப்பைக்குள் போன் அடித்தது. ஸப்னாதான், வேறு யார். அடித்து ஓயட்டும் என்று விட்டால் மிஹ்லார் முகத்தைப் பார்க்கிறான், கடை வாசலுக்குப் போய் எடுத்தாள். "ராத்தா, அல்பம் மெதுவாத் தாங்க, உம்மாட ஒரு படத்த மட்டும் போனுக்கு அனுப்புங்க, முகத்த மறந்துருவனோ எண்டு பயமா இரிக்கி." டிஸ்க் பழுதாகிவிட்டது புள்ள, இரண்டு சொல், சொல்லித் தொலைத்தால் என்ன? சொன்னால் நாளைக்குச் சம்மாந்துறை முழுக்க ஸுஹைறாவின் அலுமாரிக் கதைதான், அடுத்த கலியாணத்துக்கு எவள் கூப்பிடுவாள்… வாய் தானாகத் திறந்தது. "உம்மா சொல்லலியா புள்ள? கலியாணத்துக்கு அடுத்த நாள் போன் எடுத்து, என்ட படம், கலியாணப் படம், எல்லாத்தயும் அழிச்சிரு, அல்பமும் வேணாம் எண்டு சொன்னாவே. அமானிதமாச்சே, அழிச்சிட்டன்." பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள், எப்படிப் பொருந்துகிறது பார், பாதி உம்மாமார் அப்படித்தானே சொல்கிறார்கள், ஸுலைஹா எழும்பி வந்து இல்லை என்றா சொல்லப்போகிறாள்? அந்தப் பக்கத்திலிருந்து ஸப்னா கேட்டாள், "என்னோட நிண்டதையுமா ராத்தா?" இப்போதுகூட இல்லை என்று சொல்லலாம், ஆனால் தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன. "ஓம் புள்ள. அதத்தான் முதல்ல அழிக்கச் சொன்னா." முதல்ல என்று யார் கேட்டார்கள், அந்தச் சொல்லை ஏன் சேர்த்தாள்? ஸப்னா மூக்கை உறிஞ்சினாள். "உம்மாட சொல்லக் காப்பாத்தினீங்க, அல்லாஹ் உங்களுக்குக் கூலி தருவான்." போன் அறுந்ததும் ஸுஹைறாவுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, அப்பாடா என்ற நிம்மதிதான்.

உள்ளே வந்தால் மிஹ்லார் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறான். "அந்தப் பழைய டிஸ்க்கத் தாங்க ராத்தா. கடக் கடக் எண்டா வாசிக்கிற ஊசிதான் பழுது, எழுதினது அப்படியே இரிக்கும். கொழும்புல திறந்து எடுத்துத் தருவாங்க, இப்ப ஒராளுக்கு முழுசா வந்திச்சி." முழுசாவா? அட நாசமாப் போறவனே, இதை முதலில் சொல்வதற்கென்ன, ரவுட்டர் ரவுட்டர் என்று அலம்பிக்கொண்டிருந்தாயே! வரட்டும், ஸுலைஹாவின் முகம் வரட்டும், வந்தால் எப்படிக் கொடுப்பது? உம்மா அழிக்கச் சொன்னதை ஏன் வைத்திருந்தாய் என்று கேட்பார்கள், அழிப்பேன் என்று சொல்லி அழிக்காதவள், அது பழுதாக்கியவளைவிடக் கேவலமாயிற்றே… "கொண்டு வரல்ல தம்பி. வீட்டுல விட்டுட்டன்." மிஹ்லார் நம்பினான். "நாளைக்குக் கொண்டாங்க, கவனமா வச்சிக்கங்க, அடிபட்டா மறுகா ஒண்டும் செய்ய ஏலா."

இரண்டு டிஸ்க் பெட்டியையே வாங்கினாள். ஓட்டோவில் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், பழைய டிஸ்க் கிடந்த கைப்பையைக் காலடியில் போட்டாள். இடமில்லை, அதனால்தான் கீழே, வேறொன்றும் இல்லை… ஒரு குழியில் ஓட்டோ தூக்கிப் போட்டது, கீழே கைப்பை தகரத்தில் தொம்மென்று இடித்தது. "பொறுத்துக்கங்க ராத்தா, றோட்டு சரியில்ல, மெதுவாப் போறன்" என்றான் ஓட்டோக்காரன். "இல்ல, வேகமாப் போங்க" என்று தன் வாய் சொன்னதைக் கேட்டாள், கேட்டுவிட்டு, அடுத்த குழி எங்கே என்று அவனுடைய தோளுக்கு மேலால் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.