பாதி முட்டைக்கோஸ்

லிஃப்ட் மெக்கானிக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் கடைக்காரர்களுக்கு அது தெரிந்தால்தானே! முட்டை டஜனாகத்தான் வரும், டூத் பிரஷ் ஜோடியாகத்தான் வரும். ஒண்டிக்கட்டை எக்கேடு கெட்டால் அவர்களுக்கென்ன? அதனால் எதிர் ஃப்ளாட்டில் தனியாக இருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரியோடு அவன் ஓர் ஏற்பாடு செய்துகொண்டான். யார் எது வாங்கினாலும் சரிபாதி. முட்டைக்கோஸை அவள் வெட்டுவாள், தன் பாதியை அவன் எடுத்துக்கொள்வான். மூன்று வருடமாக ஒரு சண்டை இல்லை.

வினை அக்கா ரூபத்தில் வந்தது. தம்பி தனியாகக் கிடந்து காய்கிறான் என்று அவளுக்கு ஒரே கவலை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பார்ப்பேன், வீடு வீடாக இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு என் வீட்டு மாடி அறைக்கு வந்துவிடு என்று போனில் சொல்லிவிட்டாள். அக்கா சொன்னால் சொன்னதுதான். அவள் வீட்டில் எட்டு மணிக்கே டிவியை அணைத்துவிடுவார்கள்.

அலமாரியைத் திறந்தால் எல்லாமே பாதி. எதிர் வீட்டுக்கு ஓடி, ஒரு நாள் இரவல் என்று கெஞ்சி அவள் பங்கையெல்லாம் அள்ளி வந்தான். முட்டைக்கோஸை நூல் போட்டு ஒன்றாகக் கட்டினான். பதற்றத்தில் புத்தி எங்கே வேலை செய்கிறது? ஜோடி என்றால் ஜோடியாகவே இருக்கட்டும் என்று, அவளிடம் சொல்லாமலே அவளுடைய ரோஸ் நிற டூத் பிரஷையும் கொண்டுவந்து தன் குவளையில் செருகி வைத்தான்.

அக்கா வந்தாள். முட்டையை எண்ணினாள், முட்டைக்கோஸைத் தட்டிப் பார்த்தாள், எல்லாம் திருப்திதான். முகம் கழுவப் போனவள் பிரஷும் கையுமாக வெளியே வந்தாள்.

"யாருதுடா இது?"

அவன் வாயைத் திறப்பதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். எதிர் வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"என் பிரஷ் இங்கதானே இருக்கு? நான் இன்னும் பல்லே தேய்க்கல."

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் பெட்டி கட்டும் பேச்சையே எடுக்கவில்லை. வரும் வழியில் தனக்கென்று தள்ளுபடியில் வாங்கிய இரட்டைக் கட்டில் விரிப்பை எடுத்து மேசைமேல் பிரஷோடு வைத்தாள். அவன் என்னென்னவோ விளக்கம் சொன்னான், அவள் காதில் வாங்கினால்தானே! சிரித்துக்கொண்டே கிளம்பிப் போய்விட்டாள்.

விரிப்பைப் பார்த்ததும் எதிர் வீட்டுக்காரி, பழக்க தோஷம், கத்தரிக்கோலைத் தேடி எடுத்தாள்.

"சரிபாதியா வெட்டிடவா?"

அவனுக்குக் காது சிவந்தது.

"வேணாங்க. முழுசாவே இருக்கட்டும்."

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். முதலில் பல் தேய்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பிரஷை எடுத்துக்கொண்டு அவனுடைய குளியலறைக்கே போனாள்.