படகுத்துறைத் தோட்டத்துச் சாமி

"கார்டு மேல போடணும்ங்க. உங்க குலதெய்வம் என்ன?" என்று இராஜம்மா கேட்டபோது பழனியப்பன் வாயில் கேசரி இருந்தது.

கிள்ளானில் யுகேந்திரனின் வீடு. பெண் வீட்டார் அங்கே வந்தது அது இரண்டாவது முறை. பெண் வீட்டார் என்றால் பழனியப்பனும் அவர் மகள் குமுதாவும்தான். குமுதாவின் அம்மா சில வருடங்களுக்கு முன் இறந்துவிட்டார். குமுதாவும் யுகேந்திரனும் நான்கு வருடமாகப் பழகுகிறார்கள். தை மாதம் கல்யாணம் என்று பேசியாகிவிட்டது. யுகேந்திரனின் அம்மா இராஜம்மாவும் சிரித்த முகத்தோடு சரி என்றிருந்தார். கல்யாணக் கார்டு அடிப்பதுதான் பாக்கி.

"முருகன்தாங்க," என்றார் பழனியப்பன், அவசரமாக விழுங்கிவிட்டு.

"முருகன் எல்லாருக்கும் சாமி அண்ணே. பத்துமலையில சீனவங்ககூட காவடி எடுக்கறாங்க." இராஜம்மா சிரித்தார். "குலத்துக்குன்னு ஒண்ணு இருக்கும்ல? முதல் கார்டை அந்தச் சாமிகிட்ட வச்சிட்டுத்தானே மத்தவங்களுக்குக் கொடுக்கணும்."

"எனக்குத் தெரியலைங்க. அப்பா அம்மா ரெண்டு பேரும் நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்பவே போயிட்டாங்க. அத்தைதான் வளர்த்தாங்க, அவங்க சொன்னதில்ல." பழனியப்பன் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "ஆனா கண்டுபிடிச்சிடலாம்."

"கண்டுபிடிங்க. அவசரமில்ல. கிடைச்சதும் கார்டு அடிச்சிடலாம்."

யுகேந்திரன் தலை நிமிராமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பழனியப்பன் வேலைக்காலம் முழுவதும் தொலைபேசி கேபிளில் பழுது பார்த்தவர். மண்ணுக்குள் ஓடும் கேபிள் எங்கே அறுந்திருக்கிறது என்று தெரிய, ரோடு முழுவதையும் தோண்ட வேண்டியதில்லை. தொடர்பு போன வீட்டில் நின்று யோசிப்பதிலும் பயனில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் இணைப்புப் பெட்டியைத் திறந்து சோதிக்க வேண்டும். அங்கே ஓட்டம் இருந்தால் பழுது நமக்கும் அந்தப் பெட்டிக்கும் இடையில். இல்லாவிட்டால் அதற்கும் அப்பால். இப்படி ஒவ்வொரு பெட்டியாக நெருக்கிக்கொண்டு போனால் கடைசியில் ஒரு முழம் மண்ணைத் தோண்டினால் போதும்.

"குடும்பக் கதையும் இதேதான்மா," என்று காரில் திரும்பும்போது குமுதாவிடம் சொன்னார். "நம்ம வீட்டுல அறுந்திருந்தா பக்கத்து வீட்டுல கேட்கணும். அது இல்லாட்டி பக்கத்துத் தோட்டம். அதுவும் இல்லாட்டி பக்கத்து மாவட்டம்."

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வீடு வீடாகச் சமையல் வேலை செய்து அவரை வளர்த்த அஞ்சலை அத்தை, தாங்கள் வந்த இடத்தைப் பற்றிச் சொன்னது ஒரே சொல். படகுத்துறைத் தோட்டம். மேலே கேட்டால், "அங்க ஒண்ணுமில்ல, நீ போய்ப் படி" என்பார். அந்தப் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. தோட்டங்களுக்குக் கம்பெனி ஒரு பெயர் வைக்கும். அங்கே வேலை செய்த தமிழர்கள் தங்கள் வாய்க்கு வசதியாக இன்னொன்று வைத்துக்கொள்வார்கள். காகிதத்தில் ஏறியது கம்பெனி வைத்த பெயர்.

அதனால் பழனியப்பன் இடத்தை விட்டுவிட்டு ஆளைத் தேடினார். அப்பாவின் பெயரையும் உத்தேசமான வருடத்தையும் எழுதி, அவருடைய சூராட் பெரானாக் என்ற பிறப்புப் பத்திரத்தின் நகலுக்கு மனுப் போட்டார். அத்தையின் பேச்சில் பந்திங் அடிக்கடி வந்ததால் முதலில் அங்கிருந்த பதிவிலாகாவில் கேட்டார். இல்லை என்று பதில் வந்தது.

சோர்ந்துபோவார் என்று குமுதா நினைத்தாள். அவரோ உற்சாகமானார். அந்தக் காலத்தில் குழந்தை பிறந்ததைத் தகப்பன் போய்ப் பதிவதில்லை, தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி போவார் என்று அவளுக்கு விளக்கினார். கிராணி எந்த மாவட்டம் என்று பார்த்துப் போவதில்லை. படகு எந்தக் கரைக்குப் போகிறதோ அங்கே இறங்கி, அங்கிருந்த போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டு, கடையில் சாமானும் வாங்கிக்கொண்டு திரும்புவார். ஆக, வீடு ஒரு மாவட்டத்தில் இருக்கும். பிறப்பு அடுத்த மாவட்டத்தில் இருக்கும்.

கிள்ளானில் கேட்டார். கிடைத்தது. தோட்டத்தின் பெயர் என்ற இடத்தில் புக்கிட் நங்கா என்றிருந்தது.

ஒரு சனிக்கிழமை அங்கே போய்ப் பார்த்தார்கள். வரிசையாகக் கிடங்குகள், கன்டெய்னர் லோரிகள், ஒரு காவல் கொட்டகை. காவலாளி நேப்பாளி.

"ஆளுங்க எங்க போயிருப்பாங்க?" என்று பழனியப்பன் தன்னையே கேட்டுக்கொண்டார். தோட்டத்தை விற்றால் வீடு போகும். வீடு போனால் பக்கத்து ஊரின் மலிவு விலை அடுக்குமாடிக்குப் போவார்கள். பக்கத்து ஊர் பந்திங். காகிதம் கிள்ளானில், ஆட்கள் பந்திங்கில்! இதைச் சொல்லிச் சொல்லி அவர் சிரித்தார். குமுதாவும் சிரித்தாள்.

பந்திங் அடுக்குமாடிகளில் மூன்றாவது இடத்தில் மலர் கிடைத்தார். எழுபதைத் தாண்டியவர். கீழ்த்தளத்து வாசலில் நாளிதழை விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்.

"படகுத்துறையா? அது செத்து வருஷமாச்சு. நீ யாரு?"

"அஞ்சலையோட அண்ணன் மகன்ங்க. பழனியப்பன்."

மலரின் கை நின்றது. "மூக்கு ஒழுகிக்கிட்டு ஆயாக்கொட்டகையில கிடந்த பயலா நீ? எங்கம்மாதான்டா அங்க ஆயா, உன்னைத் தூக்கிக்கிட்டு நடந்தா. இப்ப மூக்கெல்லாம் சுத்தமா இருக்கு."

குமுதா சிரித்துவிட்டாள். பழனியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தரையில் உட்கார்ந்து நாளிதழின் ஓரத்தைக் கிழித்து, பேனாவை எடுத்தார். "அக்கா, நம்ம வீடு எங்க இருந்துச்சு? சொல்லுங்க, வரைஞ்சுக்கறேன்."

மலர் சொல்லச் சொல்ல வரைந்தார். மேட்டில் மாரியம்மன் கோயில், அதைச் சுற்றித் தொழிலாளர் வரிசை வீடுகள், மேட்டு லயம். ரப்பர் ஸ்டோரைத் தாண்டிக் கீழே இறங்கினால் பள்ளத்து லயம். அதன் கோடியில் ஒரு வேப்பமரம், அதன் அடியில் ஒரு கல். வேம்படி முனி.

"அதான் நம்ம சாமி," என்றார் மலர். "உனக்கும் எனக்கும். உங்க தாத்தாதான் கிடா வெட்டுவாரு."

"மேல இருந்த கோயில்?"

"அது அவங்க கோயில். திருவிழாவுல தேர் வரும், ஸ்டோர்கிட்ட வந்ததும் திரும்பிடும். கீழ வராது. ஒரே மரம் சீவினோம், ஒரே சம்பளம், ஆனா எங்க வீட்டுல ஒருத்தன் தண்ணி குடிக்கமாட்டான். கங்காணி கப்பல்ல ஏத்தறப்பவே ஜாதியையும் சேர்த்து ஏத்திட்டான் போல."

பழனியப்பன் ஸ்டோர் இருந்த இடத்தில் ஒரு அம்புக்குறி போட்டார், தேர் திரும்புவதைக் காட்ட. "பார்த்தியாம்மா, எல்லாம் பொருந்துது!"

"எதுக்கு இப்ப இதெல்லாம்?" என்றார் மலர்.

குமுதா கல்யாணத்தைச் சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மா கேட்டதைச் சொன்னாள்.

"அந்தம்மா எந்த ஊரு?"

"இந்தப் பக்கத்துத் தோட்டம்தான் ஆன்டி. கல்யாணமாகிக் கிள்ளான் போயிட்டாங்க."

மலர் ஒரு நெத்திலியை எடுத்து, கிள்ளாமல் திரும்பப் போட்டார். "அவ சாமி பேரா கேட்டா? நீ எந்த லயம்னு கேட்டிருக்கா. மாரியாயின்னு சொல்லிடு. தோட்டமே இல்ல, யாரு வந்து பார்க்கப்போறா?"

"அது தப்பான தகவல்ங்க அக்கா."

"அஞ்சலை உனக்கு ஏன் சொல்லல? மறந்தா போனா? சாகற வரைக்கும் நாக்கைக் கடிச்சுக்கிட்டு இருந்தாடா, நீ நிமிர்ந்து நடக்கணும்னு. நீ என்னடான்னா தோண்டி எடுத்து அம்பு போட்டுக்கிட்டு இருக்க."

பழனியப்பனின் பேனா நின்றது. தான் வரைந்த படத்தைப் பார்த்தார். பிறகு அதை நான்காக மடித்தார்.

குமுதா காருக்கு வெளியே நின்று யுகேந்திரனை அழைத்தாள்.

"கிடைச்சிருச்சா? என்ன சாமி?"

சொன்னாள்.

"குமுதா, அம்மாகிட்ட அதைச் சொல்லாத."

"ஏன்?"

"ஏன்னு தெரியாதா லா உனக்கு?"

"இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. உனக்கு அன்னைக்கே தெரியும். அதான் போனைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்த."

"நான் அதெல்லாம் பார்க்கறவனா? அம்மாவுக்கு ஒரு பேர் வேணும், அவ்வளவுதான். மாரியம்மன்னு சொல்லச் சொல்லு அங்கிள. சிம்பிள் லா. கல்யாணம் முடிஞ்சிட்டா யாரு கேட்கப்போறா?"

திரும்பும் வழியில் அவன் சொன்னதைக் குமுதா அப்பாவிடம் சொன்னாள். "மாரியம்மன்னே சொல்லிடறேன்மா," என்றார் பழனியப்பன்.

வேண்டாம் என்று குமுதா சொல்லவில்லை. அவளுக்கு யுகேந்திரன் வேண்டியிருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இராஜம்மாவின் வீட்டில் பழனியப்பன் அதைச் சொன்னார். அவருக்குப் பொய் வராது என்பது குமுதாவுக்குத் தெரியும். ஆனால் அன்று நன்றாகவே சொன்னார். எந்தத் தோட்டம், தாத்தா பேர் என்ன என்று இராஜம்மா கேட்டதற்கு மட்டும், தாத்தாவின் பெயரைச் சொல்லி, படகுத்துறை என்ற பெயர் எப்படி வந்தது, கம்பெனிப் பெயர் என்ன, பிறப்பு ஏன் கிள்ளானில் பதிவாகியிருந்தது என்றெல்லாம் விளக்கினார். அந்த இடங்களில் உண்மையைச் சொல்ல முடிந்ததில் அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது.

"அட, நம்ம பந்திங் பக்கம்தானே!" என்றார் இராஜம்மா. "மேட்டுக் கோயில் மாரியம்மனா? ரொம்பச் சந்தோஷம் அண்ணே." இன்னொரு முறை டீ வந்தது. யுகேந்திரன் குமுதாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திச் சிரித்தான்.

பழனியப்பனுக்கு மாதக்கணக்கில் ஆன வேலையை இராஜம்மா ஒரு பிற்பகலில் முடித்துவிட்டார். அவர் பதிவிலாகாவுக்குப் போகவில்லை. தோட்டம் விற்கப்பட்டபோது மேட்டு லயத்தார் தங்கள் மாரியம்மனை மட்டும் பந்திங்குக்கு எடுத்துப்போய்ப் புதுக் கோயில் கட்டியிருந்தார்கள். அந்தக் கோயில் கமிட்டியில் யார் வீட்டார், எந்த நாள் உபயம் யாருடையது என்பதெல்லாம் அவர்களுக்குத் தலைகீழாகத் தெரியும். இராஜம்மாவின் சித்தி மகன் கமலநாதனுக்குக் கமிட்டியில் ஆள் பழக்கம். இராஜம்மா கமலநாதனைக் கேட்டார். கமலநாதன் கமிட்டியைக் கேட்டார். பழனியப்பனின் தாத்தா பெயரில் மேட்டு லயத்தில் எந்தக் குடும்பமும் இருந்ததில்லை என்றார்கள். கீழே கிடா வெட்டுகிறவர் ஒருவர் அந்தப் பெயரில் இருந்தார் என்றும், அவர் பேத்தி அஞ்சலை கோலாலம்பூர் போய்விட்டாள் என்றும் கேட்காமலே சேர்த்துச் சொன்னார்கள்.

"அஞ்சலை அவர் மகள்தானே, பேத்தின்னு மாத்திச் சொல்லிட்டாங்க," என்றார் பழனியப்பன், செவ்வாய்க்கிழமை யுகேந்திரன் போனில் சொன்னதைக் குமுதா அவரிடம் சொன்னபோது. பிறகுதான் மற்றதெல்லாம் அவருக்குள் இறங்கியது. பிரிக்பீல்ட்ஸ் வீட்டின் சமையலறையில், தரையில் உட்கார்ந்தார்.

கமிட்டி சொன்னதைச் சொல்லிவிட்டு யுகேந்திரன் தன் பங்குக்குச் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா ஜாதியெல்லாம் பார்க்கறவங்க இல்ல குமுதா. பொய் சொல்லிட்டாரே, அதான் அவங்களுக்குத் தாங்கல. ஆரம்பத்துலயே பொய்யின்னா எப்படின்னு கேட்கறாங்க."

"பொய் சொல்லச் சொன்னது நீ."

"அது தெரியும்..."

"அதை அம்மாகிட்ட சொன்னியா?"

"இப்ப அதைச் சொன்னா இன்னும் பெரிசாகும். கொஞ்ச நாள் போகட்டும் லா."

குமுதா வைத்துவிட்டாள். அப்போதும் அவன் திரும்ப அழைப்பான் என்று போனைக் கையிலேயே வைத்திருந்தாள். அழைக்கவில்லை.

பழனியப்பன் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். "அந்தம்மாவுக்கு ஒரு போன் போடறேன். மன்னிப்பு கேட்டுக்கறேன்."

"எதுக்குப்பா?"

"பொய்தான் காரணம்னு சொல்றாங்கல்ல? மன்னிப்பு கேட்டா அந்தக் காரணம் போயிடும். வேற என்ன இருக்குன்னு பார்ப்போம்."

"வேண்டாம்பா. என்ன இருக்குன்னு நமக்குத் தெரியும்."

"அவங்க வாயால வரட்டும்."

ஸ்பீக்கரில் போட்டார். இராஜம்மா உடனே எடுத்தார். பழனியப்பன் நின்றுகொண்டு, தான் சொன்னது பொய் என்றும், வயதில் பெரியவன் அப்படிச் செய்திருக்கக் கூடாது என்றும், தன் மகளுக்கு அதில் பங்கில்லை என்றும் சொன்னார்.

"ஐயோ, என்ன அண்ணே நீங்க! பெரியவங்க போய் மன்னிப்பெல்லாம் கேட்டுக்கிட்டு. நான் அதை அப்பவே மறந்துட்டேன்."

"ரொம்ப நன்றிங்க. அப்ப கார்டு அடிச்சிடலாங்களா?"

"அடிக்கலாம்தான்..." இராஜம்மாவின் குரல் இன்னும் கனிந்தது. "பாருங்க, நேத்துத்தான் ஐயர்கிட்ட ஜாதகத்தைக் காட்டினேன். பொண்ணு ஜாதகத்துல ஏதோ தோஷம் இருக்காம். என் மகன் உசிருக்கே ஆகாதுங்கறாரு. நான் என்ன செய்ய, சொல்லுங்க? குமுதா தங்கமான பொண்ணு. நல்ல இடமா அமையும்."

பழனியப்பன் போனை மேசைமேல் வைத்தார். குமுதா அவரைப் பார்த்தாள். அவளுடைய ஜாதகத்தை அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. இவர்களும் கொடுத்ததில்லை. அவளுக்கு யாரும் ஜாதகமே எழுதியதில்லை.