தணிகாசலம் பெயரில் ஒரு தந்தி

கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் தாட்சாயணி நின்றாள். அந்தப் பக்கம் அவளுடைய தாய்மாமன் கோவர்த்தனன் நின்றார். நடுவில் பூட்டு தொங்கியது. சாவி ஹாஸ்டல் வார்டன் மரகதவல்லியின் இடுப்பில் இருந்தது.

"நைனாவுக்குக் காய்ச்சல்மா. உன்னப் பாக்கணும்னு சொல்லிக்கினே கீறாரு. கெளம்பு" என்றார் மாமா, மூன்றாவது தடவையாக.

தாட்சாயணியின் கையில் மாமாவுக்குச் சற்று முன்னால் வந்த தந்தி இருந்தது. 'உடனே புறப்படு. தணிகாசலம்' என்று இங்கிலீஷில் அடித்திருந்தது. தணிகாசலம் அவளுடைய அப்பா. காய்ச்சலில் கிடக்கிற மனுஷன் எழுந்து போய்த் தந்தி கொடுப்பாரா?

"இது ஆரு குடுத்தது மாமா?"

"நாந்தான். புத்தூர்ல எறங்கிக் குடுத்துட்டு அடுத்த பஸ்ஸப் புடிச்சேன்."

"அப்ப நைனா பேரு எதுக்கு?"

"அவரு பேரு இருந்தாத்தானே உங்க ஆஸ்டல்ல கதவு தொறக்கறாங்க! அதுக்குத்தான்."

நியாயமான பதில்தான். ஆனால் போன மாதமும் இதே பெயரில்தான் ஒரு தந்தி வந்தது. 'பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கிறேன். தணிகாசலம்.' நைனா வேர்க்கடலை கொண்டு வந்திருப்பார் என்று ஓட்டமாக ஓடினாள். அங்கே நின்றவன் சிட்டிபாபு. யுனிவர்சிடியில் அவளுக்கு இரண்டு வருஷம் சீனியர். இரண்டு மாதமாக லைப்ரரியிலிருந்து ஹாஸ்டல் வரைக்கும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தவன், அன்றைக்கு இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தான். எந்தக் கிராமம் ஆந்திராவுக்கு, எந்தக் கிராமம் மெட்ராசுக்கு என்று பேப்பர்க்காரர்கள் தினமும் எழுதிக்கொண்டிருந்த வருஷம் அது. "மீ ஊரு மெட்ராசுக்குப் போதுந்தி. இக்கட நீகு எவரு உன்னாரு?" என்று கேட்டுக்கொண்டே கையைப் பிடித்தான். உங்கள் ஊர் மெட்ராசுக்குப் போகிறது, இங்கே உனக்கு யார் இருக்கிறார்கள் என்கிற கேள்வி. அவள் உதறிக்கொண்டு டிக்கெட் கொடுக்கிற அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டாள். ஹாஸ்டல் வாட்ச்மேன் துலுக்காணம் தேடிக்கொண்டு வந்த பிறகுதான் திறந்தாள்.

நடந்தது என்ன என்று இரண்டு நாள் துலுக்காணத்திடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். மூன்றாம் நாள் சோறு இறங்காமல் மரகதவல்லியிடம் போய் அழுதாள். "நீ என்னடி தப்புப் பண்ணினே? கண்ணைத் தொடை" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் அன்றைக்கே பிரின்சிபாலுக்கு எழுதிக் கொடுத்தாள், அப்பாவையும் வரவழைத்தாள்.

நைனா எல்லாவற்றையும் தலைகுனிந்து கேட்டார். கூட வந்த மாமாதான் குதித்தார். "படிச்ச வரிக்கும் போதும். இட்டுக்கினு போயி எம்மவன் முனிகிருஷ்ணனுக்குக் கட்டிக் குடு" என்றார். நைனா சிரித்தார். "ஆடு மேயுதுன்னு பயந்து பயிர் வைக்காத வுட்டவன் எவன் கீறான் மச்சான்? வேலியப் போட்டுட்டு வைக்க வேண்டியதுதான்." பெண்ணை வெளியே அனுப்ப உரிமை உள்ளவர்கள் பெயரை எழுதும் நோட்டில் தன் பெயர் ஒன்றை மட்டும் எழுதினார். இன்னொரு பெயரும் இருக்கட்டுமே என்று வார்டன் சொல்லியும் கேட்கவில்லை. "நான் நேர்ல வந்தா அனுப்பும்மா. வேற ஆரு வந்து, நான் அனுப்பிச்சேன்னு சொன்னாலும் அனுப்பாத." சொல்லும்போது அவர் பார்த்தது மச்சானை. மாமாவின் முகம் செத்துப்போயிற்று.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது. போனால் மாமா வீட்டு வாசலில் பந்தல் போட்டிருக்கும், படிப்பு அத்தோடு சரி. போகாவிட்டால், நைனா நிஜமாகவே முடியாமல் கிடந்தால்? ஒரு மணி நேரமாக இதையே அரைத்துக்கொண்டிருந்த தாட்சாயணி கடைசியில் வாய்விட்டுச் சொன்னாள்.

"நீ பொய் சொல்ற மாமா. நான் வர்ல."

மாமா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். மரகதவல்லி உள்ளேயிருந்து ஒரு டம்ளர் மோர் வரவழைத்துக் கம்பி வழியாக நீட்டினாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"தப்பா நெனைக்காதீங்கோ. அப்பாவே வரட்டும், அனுப்பறேன். நீங்க போயிட்டு வாங்கோ."

மாமா கும்பிட்டார். திரும்பி நடந்தார். வரேன் என்று சொல்லவில்லை.

தாட்சாயணி கம்பியை எட்டிப் பிடித்தாள். அவர்கள் பக்கத்தில் இழவு சொல்ல வருகிறவன்தான் அப்படிப் போவான். சொந்தக்காரனாக இருந்தால் பிணத்தை எடுக்கிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் தொடமாட்டான். போகிறபோது வரேன் என்கிற வார்த்தையைச் சொல்லமாட்டான்.

"மாமா!"

அவர் நின்றார்.

"இந்த மோரக் குடிச்சுட்டுப் போ மாமா."

"வாணாம்மா."

"காலைலேர்ந்து வெயில்ல வந்துகீற. உதடு வெடிச்சுக் கெடக்குது. ஒரு வாய் குடி." வார்டன் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கம்பிக்கு வெளியே நீட்டினாள். மோர் அவள் கையெல்லாம் சிந்தியது. "நைனாவுக்கு வெறும் காய்ச்சல்தானே? குடி மாமா. உனக்குக் கோடிப் புண்ணியம், குடி!"

மாமா துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. "வழியில சொல்லாதன்னு உங்கம்மா சொல்லி அனுப்பிச்சா. கேட்டா பொண்ணு பஸ்ஸுலயே வுழுந்துடும்னு..."

"எப்ப?"

"விடிகாலைல. மாரு வலிக்குதுன்னாரு. தண்ணி கொண்டாறதுக்குள்ள போயிட்டாரு. நாளைக்குச் சனி. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாவணும்."

பூட்டு திறந்த சத்தம் கேட்டது. மரகதவல்லி தோளில் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "சட்டம் சட்டம்தான். உங்களோட அனுப்ப மாட்டேன். நான் அழைச்சிண்டு வரேன்" என்று மாமாவிடம் சொன்னாள். திருமலையில் பெருமாள் கைங்கரியம் செய்கிற வீட்டுப் பெண், விஜயபுரத்தில் ஒரு குடியானவனின் சாவு வீட்டுக்கு வருகிறாள் என்பதை மாமாவால் நம்ப முடியவில்லை. துலுக்காணம் ரிக்‌ஷா பிடிக்க ஓடினான்.

புத்தூரில் இறங்கியபோது அடுத்த பஸ் பத்து நிமிஷம் முன்னால் போயிருந்தது. அதற்கடுத்தது வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கம்பிக் கதவருகே மாமாவை நிற்கவைத்துக் கேள்வி கேட்ட நேரமும் அவ்வளவுதான். பயந்தது தப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன, நைனாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் போனால் அந்த ஒரு மணி நேரத்தை அவளால் மன்னிக்கவே முடியாது. ஐம்பத்திரண்டு வயது மனுஷன் தனக்குப் பதிலாக இன்னொரு பெயரை ஏன் எழுதி வைக்கப்போகிறார் என்று நினைத்ததும்தான் அழுகை வந்தது. பஸ்ஸில் மரகதவல்லி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பதினாறாம் நாள் காரியம் ஆனதும் நானே வந்து உன்னை அழைச்சிண்டு போவேன். அந்தப் பையனைப் பத்தின விசாரணையும் அடுத்த மாசம் இருக்கு. நான் உன் பக்கத்துலயே உக்காந்துப்பேன். தெரிஞ்சுதா?"

பின்னால் கம்பியைப் பிடித்து நின்றிருந்த மாமாவுக்கும் அது கேட்டிருக்கும். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

விஜயபுரத்துக்குக் கால் மைல் இருக்கும்போது பஸ் நின்றது. எதிரே மேளச் சத்தம். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாடை ரோட்டைக் கடந்து ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. தாட்சாயணி எழுந்தாள். மரகதவல்லி அவளைப் படிக்கட்டுப் பக்கம் நடத்திக்கொண்டு போனாள்.

மாமா குதித்துவிட்டார். "எறக்குங்கடா! எறக்குங்க! பொண்ணு வந்துட்ச்சு!" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

"பொழுது பூட்ச்சு கோவர்த்தனா. தூக்கினத நடுவுல எறக்கப்படாது" என்றார் பங்காளி ஒருவர். பாடை நிற்காமல் நகர்ந்தது.

மாமா முன்னால் போய் ரோட்டின் குறுக்கே மல்லாந்து படுத்துவிட்டார். "என்ன மிதிச்சுக்கினு போங்கடா! அதுக்கப்புறம் எடுத்துக்கினு போங்க!"

மேளம் நின்றது. பாடையை இறக்கினார்கள்.

நைனா தூங்குகிறவர் மாதிரி இல்லை. தாடையைக் கட்டிய துணிக்குள் வேறு யாரோ மாதிரி இருந்தார். யாரோ அவள் கையில் அரிசியை வைத்தார்கள். துணியை விலக்கி மூன்று தடவை வாயில் போட்டாள். நெற்றியைத் தொட்டாள், தொட்டுக்கொண்டே இருந்தாள். போதும்மா, போதும்மா என்று நான்கைந்து குரல்கள் கேட்டன. மரகதவல்லி அவள் தோளைப் பிடித்து எழுப்பி நிறுத்தினாள்.

மாமாவிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்று திரும்பினாள். அவர் அதற்குள் முன்பக்கக் கொம்பில் தோள் கொடுத்திருந்தார். முதுகெல்லாம் ரோட்டு மண். பாடை எழும்பியது. பெண்கள் அதற்கு மேல் போகக்கூடாது.

மேளச் சத்தம் ஏரிக்கரையில் இறங்கியது. பஸ்காரர் ஹாரனைத் தொட்டுப் பார்த்தார். மாமா ஓடின வழியில் அவருடைய செருப்பு, பஸ் படிக்கட்டு ஓரமாக ஒன்றும் ரோட்டு நடுவில் ஒன்றுமாகக் கிடந்தது. தாட்சாயணி குனிந்து இரண்டையும் எடுத்தாள். ஒன்றோடு ஒன்றைத் தட்டி மண்ணை உதிர்த்தாள். கையில் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.