காற்று நாட்கள்

1

இந்தக் கதை கேட்டு வாங்கப்பட்டது. "கூலி வேலைக் குடும்பத்துப் பொண்ணு, தானாவே ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் படிச்சு மேல வர்றா. படிக்கிறவங்களுக்கு நம்பிக்கை வரணும்" என்றார் பத்திரிகை ஆசிரியர். சரி என்றேன். சொன்ன நிமிடத்திலிருந்து எரிச்சல்.

முதல் தொடக்கம்: இளங்காலைப் பொன்னொளியில் அவள் புத்தகத்தைத் திறந்தாள். அவள் கண்களில்

தூசி. வேறொன்றும் இல்லை. கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொள்பவள் அவள். ஆணி, கம்பி, கையுறை என்று எடுத்துக் கொடுப்பாள். ஆள் வராத நேரத்தில் சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்து போனில் படித்தாள்.

2

எந்த வேலைக்குப் பின் எது, எது பிந்தினால் எல்லாமே பிந்தும் என்பதெல்லாம் சுலபமாகவே பிடிபட்டது. ஒரு பாடத்தில்தான் முரண்டு பிடித்தாள். எதிர்பாராததற்கென்று சில நாட்களைக் காலியாக விடச் சொன்னது அது.

(இங்கே அவளை நான் நம்பவில்லை. இதற்குப் போய் ஒருத்தி சண்டை பிடிப்பாளா? பிறகு எங்கள் வீட்டை நினைத்துக்கொண்டேன். சற்று உட்கார்ந்தால் "கை சும்மாதானே இருக்கு" என்று எதையாவது திணிப்பார்கள். இப்போது நம்புகிறேன்.)

"சும்மா இருக்கிறதுக்கு யாராவது நாள் ஒதுக்குவாங்களாண்ணே?" என்று அண்ணனைக் கேட்டாள். அதே கட்டடத்தில் சாரம் கட்டுகிறவர். வெளிச்சுவரில் குழாய்க்கு மேல் குழாயாக முடுக்கிக்கொண்டே ஏறுகிற ஆட்களுக்கு அவர்தான் தலைவர்.

"காத்தடிக்கிற அன்னிக்கு ஏற வேணாம்னு ஒதுக்கினா, நான் வேணாம்னா சொல்லப்போறேன்?"

"இப்ப காத்தடிச்சா?"

"ஏறுவோம். காத்துகிட்ட போய் லீவா கேக்க முடியும்?"

அவர் சிரித்தார். அவள் அந்தப் பாடத்தை மறுபடியும் திறந்தாள்.

3

அடுத்த கட்டடத்துக்கான திட்டத்தை, யாரும் கேட்காமலே, போனிலேயே போட்டுப் பார்த்தாள். வெளிச்சுவர் வேலைக்கு நடுவே 'காற்று நாள்' என்று காலிக் கட்டங்கள் விட்டாள். மேனேஜரிடம் காட்டினாள்.

"நல்லாப் போட்டிருக்கியேம்மா. எங்க படிச்சே?"

"நானாத்தான் சார்."

"ஒருங்கிணைப்பாளர் இடம் காலியாத்தான் கிடக்கு. உனக்கே போட்டுடலாம். இந்தக் காத்து நாளை மட்டும் எடுத்துட்டு நாளைக்குக் கொண்டா."

"காத்தடிச்சா சார்?"

"அடிச்சா பாத்துக்கலாம்."*

* இந்தச் சொல்லைச் சொல்கிற யாரும் சாரத்தில் ஏறி நான் பார்த்ததில்லை.

4

முடிவு அ: எடுத்துவிடுகிறாள். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. ஆசிரியருக்கு மகிழ்ச்சி. காற்று அடிக்கிற ஒரு காலையில் அண்ணன்

எழுத மாட்டேன்.

முடிவு ஆ: எடுக்க மறுக்கிறாள். கதையில் நிமிர்ந்து நிற்கிறாள்; ஸ்டோர் ரூமிலேயே நிற்கிறாள். மேனேஜர் வேறொருவரை வைத்து அந்தக் கட்டங்களை அழிக்கிறார். அண்ணன் அப்போதும் ஏறுகிறார்.

முடிவு இ: மேனேஜர் மனம் மாறி

எனக்கே சிரிப்பு வருகிறது.

விஷயத்தைக் கேட்டதும் அண்ணன் சொன்னது இது: "எடுத்துடும்மா. நாங்க என்ன புதுசாவா ஏறப்போறோம்?"

இதை எழுதியபின் பேனா ஓடவில்லை. இவ்வளவு மலிவாக அவர் தன்னை விட்டுக்கொடுக்கிறாரே என்று அவர்மேலும் கோபம், அப்படி அவரைப் பழக்கியவர்கள்மேல் அதைவிடக் கோபம்.

நம்பிக்கை வேண்டும் என்றவர்களே, விடிந்தால் அவள் திட்டத்தைக் கொடுத்தாக வேண்டும். போனை வாங்கிக்கொள்ளுங்கள். அழிப்பதானால் நீங்களே அழியுங்கள். அழித்த கையோடு, சாரத்தடியில் நிற்கிறவரிடம் போய் "ஏறுங்கண்ணே" என்று நீங்களே சொல்லிவிட்டு வாருங்கள்.