பேஸ்தன்ஜி வாடியின் வெள்ளைத் தூண்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு கையேட்டின் ஏழாம் பக்கத்தில். மறைப்பானேன்? மும்பைக்கு வெளியே உல்லாஸ்நகரைத் தாண்டி ஆற்றோரமாகப் பேஸ்தன்ஜி வாடி என்று ஒரு பழைய பார்சித் தோட்டம். (என் கற்பனைத் தோட்டம், ரயிலேறித் தேடாதீர்கள்.) இப்போது முன்பாதி நகராட்சிப் பூங்கா, பின்பாதி ரிசார்ட். அதன் வரலாற்றை விருந்தினர் கையேடாக எழுதித் தரச்சொல்லி ரிசார்ட்காரர்கள் மாட்டுங்காக்காரர் ஒருவரைக் கேட்டார்கள். அவருக்கு வெங்கடேஸ்வரன் என்று பெயர் வைத்திருக்கிறேன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் முப்பத்துநாலு வருஷம் கிளெய்ம் பார்த்து ஓய்வு பெற்றவர். எரிந்த குடோனைப் பார்த்தால் மற்றவர்களுக்குப் பரிதாபம் வரும். இவருக்கு யார் கொளுத்தியது என்ற கேள்விதான் வரும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மாமரங்களின் நிழலில் காலம் கண்ணயரும் அந்த எழில்மிகு' — சீ, இது ரிசார்ட்டின் விளம்பரம். அடித்துவிட்டேன்.

2

1911இல் பேஸ்தன்ஜி சேட் இருபது ஏக்கர் வாங்கிப் பங்களா கட்டினார். மாவும் சிக்கு என்கிற சப்போட்டாவும் நட்டார். 1955இல் குளம் வெட்டத் தாராவியிலிருந்து திருநெல்வேலி ஆட்கள் வந்தார்கள். 1968இல் சேட்டின் மகள் முன்பாதியை ஊருக்குத் தானம் கொடுத்தாள், பின்பாதியை விற்றாள். அப்போதுதான் நடுவில் மதில் எழுந்தது. இந்த மதிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.*

* எழுத்தாளன் எதையாவது ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னால், அவன் பையைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

மதிலுக்குப் பின்னால், நீச்சல்குளத்தருகே, ஆளுயரத்துக்கு ஒரு வெள்ளைத் தூண். அடி அகலம், தலை குறுகல், உருவம் கிடையாது. குளம் வெட்டியவர்களின் குடும்பங்களுக்கு அது சுடலைமாடன் பீடம். ஊர்க் கோயிலில் அள்ளிவந்த பிடிமண் அதனடியில் இருக்கிறது என்பார்கள். பங்குனி உத்திரத்துக்கு ஊர் போக லீவும் டிக்கெட்டும் கிடைக்காத எழுபது குடும்பங்கள் டெம்போ பிடித்து வந்து, பொங்கலிட்டுக் கும்பிட்டுப் போவார்கள். இந்த வருஷம் அந்த இடத்தில் ஸ்பா கட்டப்போகிறார்கள். கையேட்டுக்குக் கட்டுப்படுவதாக ரிசார்ட்காரர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்: பீடம் அந்தக் குடும்பங்களுடையதுதான் என்று அது சொன்னால் கேட் திறக்கும். சொல்லாவிட்டால் தூணும் இல்லை, பொங்கலும் இல்லை.

3

ரிசார்ட்டின் மார்க்கெட்டிங் அதிகாரி நகுல் செம்பூர்க்காரன்; தமிழ் பேசுவான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். அவன் வெங்கடேஸ்வரனிடம் கொண்டுவந்த வரைபடத்தில் 1923 என்று தேதி இருந்தது. தூண் இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: டைகர் என்கிற நாயின் சமாதி.

"பாத்தேளா மாமா, சேட் நாய்க்குக் கட்டின சமாதியை அவா சாமின்னு கும்பிட்டுண்டிருக்கா. நான் அவாளை ஹர்ட் பண்ண விரும்பலை. ஏக்தம் சிம்பிள். அவாளே தோண்டிப் பாக்கட்டும். எலும்பு வந்தா நாய், மண் வந்தா சாமி. கடப்பாரை நாங்க தரோம்."

சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று வெங்கடேஸ்வரனுக்குப் பட்டது. கிளெய்ம் கேட்டு வந்தவன் எதிராளிக்கே ஆயுதம் கொடுப்பதை அவர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை.

4

மறுநாள் காலை மாட்டுங்கா லேபர் கேம்ப்புக்குப் போனார். அங்கே பை தைக்கும் பட்டறை நடத்தும் முருகம்மாள்தான் ஒவ்வொரு வருஷமும் டெம்போ ஏற்பாடு செய்பவள். நாய்ச் சமாதி விஷயத்தைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை, கூசிக்கூசித்தான் சொன்னார். அவள் மெஷினை நிறுத்தினாள்.

"எங்க சாமியில பாதி செத்தவங்கதான் சார். வெட்டுப்பட்டுச் செத்தவன், பட்டினியில செத்தவ. நாயி செத்து சாமியா நின்னா மட்டும் ஆவாதோ?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் தோண்டிப் பார்க்கும் யோசனையைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. குடியிருக்கும் இடத்தை விட்டுச் சாமியைக் கிளப்பிக்கொண்டு போகும்போது மட்டும்தான் பிடிமண்ணைத் தொடுவார்களாம். கடப்பாரை போட்டால், இனி நீ இங்கே இருக்க வேண்டாம் என்று தாங்களே சாமியிடம் சொன்ன மாதிரி.

"மண்ணத் தொட்டுட்டா அப்பறம் அது வெறும் சிமிட்டிதான் சார். எவன் வந்து இடிச்சாலும் நாங்க கேக்க முடியாது."

ஆக, எலும்பு வந்தாலும் மண் வந்தாலும் ஸ்பாதான். இது நகுலுக்குத் தெரியுமா? தெரிந்தேதான் கடப்பாரை தருகிறேன் என்றானா?

5

வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். 1923 வரைபடத்தில், தோட்டத்தின் குறுக்கே ஒரு மதில்! 1968இல் எழுந்த மதில். வகையாக மாட்டிக்கொண்டான் நகுல். மறுநாள் அவர் வரைபடத்தை நகுலின் மேஜைமேல் வீசினார், நகுல் முகம் வெளுத்தது, கேட் திறந்தது, எழுபது குடும்பங்களும் குலவையிட்டபடி

[இங்கே நிறுத்திவிட்டேன். வரைபடத்தில் மதில் கிடையாது. நான்தான் வரைந்தேன். முருகம்மாள் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை, கை போய்விட்டது. கள்ள ஆவணம் தயாரித்தவன் நகுல் இல்லை, நான். அந்த வரைபடம் நிஜமாகவே இருக்கலாம். சேட் அந்த நாய்க்காக நாலு நாள் சாப்பிடாமல்கூடக் கிடந்திருக்கலாம்.]

6

வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், வெங்கடேஸ்வரன் கிடைத்த ஆவணத்தின்படி 'நாயின் சமாதி' என்று எழுதுகிறார். கேட் சாத்தப்படுகிறது. அவர் நேர்மையானவர், என்னால் அவர் முகத்தில் விழிக்க முடியவில்லை. இன்னொன்றில் 'தொன்மையான மாடன் பீடம்' என்று துணிந்து பொய் எழுதுகிறார். இல்லை, பொய்யா மெய்யா என்று தெரியாமல் எழுதுகிறார். அதையும் அடித்துவிட்டேன். ஏழாம் பக்கம் இன்னும் இப்படியே கிடக்கிறது:

'இந்த வெள்ளைத் தூண் …'

இன்று பங்குனி உத்திரம். வெங்கடேஸ்வரனும் டெம்போவில் ஏறி வந்துவிட்டார். கேட் பூட்டியிருக்கிறது. முருகம்மாள் பொங்கல் பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "மாமா, என்ன எழுதினேள்?" என்று நகுல் கம்பிக்கு உள்ளேயிருந்து கேட்கிறான்.

எழுத வேண்டிய வரியை உங்களிடம் விடுகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மூன்றாம் பகுதியிலிருந்தே தூணின் அடியில் என்னதான் இருக்கிறது என்று உங்களுக்கு அரிக்கிறது. நான் சொல்லிவிடுவேன் என்றுதான் இவ்வளவு தூரம் கூட வந்தீர்கள். சொன்னால் நானே தோண்டியவன் ஆவேன். நகுல் தருவதாகச் சொன்ன கடப்பாரை கேட்டருகே சாய்ந்து நிற்கிறது. நான் முருகம்மாளின் பானையைப் பிடிக்கப் போகிறேன். நான் திரும்பும்வரை, கடப்பாரைப் பக்கம் போகாமல், உங்கள் கைகள் இரண்டும் என் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும்.